நான்கு சென்டிமீட்டர் நீரில் கடலின் கணக்கு

நீரலையை அளப்பது என்றால் ஐந்து அளவுகளைக் கண்டறிவது: அலைநீளம், வீச்சு, அலைவுகாலம், அதிர்வெண், வேகம். இந்த ஐந்தையும் ஒரு ஸ்கேல், ஒரு கடிகாரம், தட்டையான அடி உள்ள ஒரு தட்டம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மேசையிலேயே அளந்துவிடலாம். அப்படிக் கிடைக்கும் விடை தட்டத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாது. உப்பளப் பாத்திக்கும், கரையில் வந்து உடையும் அலைக்கும், ஆழிப்பேரலைக்கும் அதே கணக்குத்தான்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் கூனிமேட்டைச் சுற்றி இந்தப் பாடத்துக்கு வேண்டிய நீர் எல்லா ஆழத்திலும் இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல். வடக்கே மரக்காணத்து உப்பளங்களின் ஆழமற்ற பாத்திகள். உட்புறமாகக் கழுவெளி, முழங்கால் ஆழமும் இடுப்பளவும் நீர் பரந்து கிடக்கும் இந்த ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அலையின் போக்கை முடிவு செய்வதில் ஆழத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் அலையைப் படிக்க இந்தக் கரையைவிட நல்ல வகுப்பறை அமைவது கடினம்.

அலையின் அங்கங்கள்

நீர்ப்பரப்பில் அலை ஓடும்போது மேடாக எழும் இடம் முகடு. பள்ளமாகத் தாழும் இடம் அகடு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தொலைவு அலைநீளம். அசையாமல் இருக்கும் நீர்மட்டத்திலிருந்து முகட்டின் உச்சி வரை உள்ள உயரம் வீச்சு. வானிலை அறிவிப்பில் “அலை உயரம்” என்று சொல்லப்படுவது அகட்டின் அடியிலிருந்து முகட்டின் உச்சி வரை உள்ள அளவு. ஏறத்தாழ அது வீச்சைப் போல இரு மடங்கு. இந்த இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது வழக்கம்.

ஓரிடத்தில் ஒரு முகடு கடந்த பிறகு அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அலைவுகாலம். ஒரு வினாடியில் எத்தனை அலைகள் கடக்கின்றன என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். அலைவுகாலம் 8 வினாடி என்றால் அதிர்வெண் 1-ஐ 8-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.125 ஹெர்ட்ஸ். ஒரு அலைவுகாலத்தில் அலை சரியாக ஒரு அலைநீளம் முன்னேறுகிறது. ஆகவே அலைநீளத்தை அலைவுகாலத்தால் வகுத்தாலும், அதிர்வெண்ணோடு பெருக்கினாலும் வேகம் கிடைத்துவிடும்.

அலை முன்னே ஓடுகிறது. நீர் அதனுடன் ஓடுவதில்லை. வலையின் மிதவையைக் கவனித்தால் இது விளங்கும். அலை வரும்போது மிதவை ஏறி, சற்று முன்னே சாய்ந்து, இறங்கி, பின்னே வந்து, ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர், வில்ஹெல்ம் வெபர் என்ற சகோதரர்கள் கண்ணாடிப் பக்கம் வைத்த நீண்ட தொட்டியில் நீரில் மிதக்கும் துகள்களின் பாதையைப் பார்த்துப் பதிவு செய்து, 1825-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்கள். ஆழமான நீரில் துகள்கள் வட்டமாகச் சுழல்கின்றன. அடிப்பகுதிக்குப் போகப் போக அந்த வட்டம் சிறுத்துவிடுகிறது. ஆழம் குறைந்த நீரில் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகிறது. அலைக்குத் தரை “தட்டுப்படுகிறது” என்பதன் பொருள் இதுதான். தரை தட்டுப்பட்ட அலைக்கு வேகத்தை நிர்ணயிப்பது ஆழம்.

தட்டச் சோதனை

தேவையானவை எளியவை. நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட, உள்ளளவு அரை மீட்டர் நீளம் வரும் செவ்வக பிளாஸ்டிக் தட்டம். மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். நீரின் அசைவு கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மூன்று துளி சொட்டு நீலம். தட்டத்தைச் சமமான மேசைமேல் வைத்து 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஊற்ற வேண்டும். நான்கு மூலையிலும் ஆழத்தை அளந்து, நான்கும் ஒன்றாக இருக்கும்வரை தட்டத்தின் அடியில் காகிதம் மடித்து வைத்துச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சின்ன வேலையைத் தாண்டிப் போகும் மாணவருக்குப் பிறகு எந்தக் கணக்கும் ஒத்து வராது.

நீர் அசைவற்று நின்றதும் தட்டத்தின் ஒரு முனையைக் கால் அல்லது அரை சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, மெல்லக் கீழே வைக்க வேண்டும். நீர் ஒரு மேடாகத் திரண்டு எதிர்முனைக்கு ஓடும். சுவரில் மோதித் திரும்பும். மறுபடி மோதித் திரும்பும். மேடு ஒரு சுவரில் தொடும் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, நான்கு முறை தட்டத்தின் நீளத்தைக் கடந்ததும் நிறுத்த வேண்டும். தட்டம் அரை மீட்டர் என்றால் அலை கடந்த தொலைவு 2 மீட்டர். அதை நேரத்தால் வகுத்தால் வேகம். இதையே 2, 3, 4 சென்டிமீட்டர் ஆழங்களில் திரும்பச் செய்ய வேண்டும்.

ஏன் நான்கு முறை? கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிவிடுகிறது. 1 சென்டிமீட்டர் நீரில் அலை ஒருமுறை அரை மீட்டரைக் கடக்க 1.6 வினாடிதான் ஆகும். அதில் 0.2 வினாடி பிழை என்றால் எட்டில் ஒரு பங்கு தவறு. நான்கு முறைக்கு 6.4 வினாடி, அதே 0.2 வினாடி இப்போது முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பிழையை ஒழிக்க முடியாது. அதைப் பெரிய அளவில் கரைத்துவிட முடியும். ஊசல் சோதனையில் ஒரு அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளப்பதும் இதற்காகவே. ஐந்தாறு முறைக்கு மேல் போனால் அலை தளர்ந்து முகடு தெரியாமல் போய்விடும் என்பதால் நான்கில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்துக்கான சூத்திரம் குறுகியது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பிரெஞ்சுக் கணித மேதை லக்ராஞ்ச் 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்த முடிவுக்கு வந்திருந்தார். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டு கணக்கிட்டால், 1 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகம் வினாடிக்கு 31 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டரில் 44. 3 சென்டிமீட்டரில் 54. 4 சென்டிமீட்டரில் 63. அரை மீட்டர் தட்டத்தை நான்கு முறை கடக்க முறையே 6.4, 4.5, 3.7, 3.2 வினாடி ஆக வேண்டும். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகிறது, நேரம் சரிபாதியாகிறது. இந்த ஒரு வரிசையை நேரில் அளந்து பார்த்த மாணவர் வர்க்கமூலம் என்றால் என்ன என்பதை மறக்கமாட்டார்.

சூத்திரத்தைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல் அதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். 2 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று முறை அளந்து 4.6, 4.4, 4.5 வினாடி கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 4.5. வேகம் வினாடிக்கு 0.444 மீட்டர். அதன் வர்க்கம் 0.1975. இதை ஆழமான 0.02 மீட்டரால் வகுத்தால் 9.88. பூமியின் ஈர்ப்பு முடுக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டத்திலிருந்து, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு வந்து விழுகிறது. எல்லா ஆழங்களுக்கும் வேகத்தின் வர்க்கத்தைக் குத்துக்கோட்டிலும் ஆழத்தைக் கிடைக்கோட்டிலும் குறித்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டின் சாய்வே புவியீர்ப்பு முடுக்கம். ஏதாவது ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றால் அந்த அளவீட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்காகப் பழைய எண்ணை ஏட்டிலிருந்து அழித்துவிடக் கூடாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவதே அறிவியலின் நாணயம்.

பிழை நுழையும் வாசல்கள் மூன்று. முதலாவது ஆழம்: 2 சென்டிமீட்டரில் 1 மில்லிமீட்டர் தவறினால் முடிவில் நூற்றுக்கு ஐந்து தவறிவிடும். இரண்டாவது தூக்கும் உயரம்: மிக அதிகமாகத் தூக்கினால் மேடு பெரிதாகி, சூத்திரம் சொல்வதைவிட வேகமாக ஓடும். மூன்றாவது எல்லை: தட்டத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போனால் அலைக்குத் தரை முழுதாகத் தட்டுப்படாது, சூத்திரம் மெல்லப் பிசகத் தொடங்கும்.

மேடு பெரிதானால் வேகம் கூடும் என்பதைக் கண்டவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரசல். 1834-இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்துச் சென்ற படகு ஒன்று சட்டென்று நின்றது. படகின் முன்னால் திரண்ட நீர் ஒரே மேடாகப் பிரிந்து கால்வாய் வழியே ஓடியது. ரசல் குதிரையில் ஏறி அதைப் பின்தொடர்ந்தார். மணிக்கு 13, 14 கிலோமீட்டர் வேகத்தில் வடிவம் கெடாமல் அது நெடுந்தொலைவு ஓடியதை அவர் எழுதி வைத்தார். பிறகு தொட்டி கட்டிச் சோதனை செய்து, ஆழத்தோடு மேட்டின் உயரத்தையும் கூட்டிக்கொண்டால் கணக்கு ஒத்து வருவதைக் கண்டார். அந்த மேட்டின் சிறு வடிவம்தான் பள்ளிக்கூடத் தட்டத்தில் ஓடுவது.

உப்புநீரில் ஓடினால்?

மரக்காணம் கரையில் இந்தச் சோதனைக்கு ஒரு கூடுதல் பாடம் உண்டு. உப்பளத்தில் நீரின் செறிவை “டிகிரி” கணக்கில், பாமே மானியை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். அந்த நிலையில் ஒரு லிட்டர் நீரின் எடை 1.2 கிலோகிராம் அளவுக்கு வந்துவிடும். நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனமான இந்த நீரில் அலை மெதுவாக ஓடுமா, வேகமாக ஓடுமா?

கனமான நீரை அசைப்பது கடினம், ஆகவே மெதுவாக ஓடும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் சொல்வார்கள். சூத்திரத்தைப் பார்த்தால் அதில் ஆழமும் ஈர்ப்பும் மட்டுமே இருக்கின்றன. அடர்த்திக்கு அதில் இடமே இல்லை. நீர் கனமாகும்போது முகட்டைக் கீழே இழுக்கும் விசை கூடுகிறது. அசைக்கப்பட வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. உயரத்திலிருந்து விடப்பட்ட பெரிய கல்லும் சிறிய கல்லும் ஒன்றாகத் தரையைத் தொடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும். ஒரு தட்டத்தில் குடிநீரும் இன்னொன்றில் உப்பளத்து நீரும் ஒரே ஆழத்துக்கு ஊற்றி அளந்தால் இரண்டிலும் நேரம் ஒத்து வரும். வேறுபாடு எதுவும் தெரியாததே இந்தச் சோதனையின் வெற்றி.

சிற்றலைத் தொட்டி

தட்டச் சோதனை வேகத்தைத் தரும். அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் நேரடியாகப் பார்க்க உதவும் கருவி சிற்றலைத் தொட்டி. கண்ணாடி அடி கொண்ட ஆழமில்லாத தொட்டி ஒன்று கால்களின்மேல் நிற்கும். மேலே ஒரு விளக்கு, கீழே வெள்ளைத்தாள். நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பட்டை ஒன்றைச் சிறு மோட்டார் அதிரச் செய்யும். ஒவ்வொரு முகடும் குவிலென்ஸ் போல வேலை செய்து ஒளியைக் குவிக்கும். அகடு ஒளியை விரித்துவிடும். ஆகவே தாளில் வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி ஓடும். இரண்டு வெளிச்சக் கோடுகளின் இடைவெளி ஒரு அலைநீளத்தின் நிழல்.

நிழல் எப்போதும் பொருளைவிடப் பெரிதாக விழும். அதைச் சரிசெய்ய, 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைத் துண்டைத் தொட்டியில் நீர்மட்டத்தில் வைத்து அதன் நிழலை அளக்க வேண்டும். நிழல் 8.3 சென்டிமீட்டர் என்றால் உருப்பெருக்கம் 1.66. இப்போது பத்து அலைகளின் நிழல் 39 சென்டிமீட்டர் வந்தால், உண்மையான தொலைவு 39-ஐ 1.66-ஆல் வகுக்க வரும் 23.5 சென்டிமீட்டர், ஒரு அலைநீளம் 2.35 சென்டிமீட்டர். ஒரு அலையை அளக்காமல் பத்தைச் சேர்த்து அளந்து வகுப்பது இங்கும் பிழையைக் கரைக்கும் வழி.

ஓடும் கோடுகளை எப்படி அளப்பது? முன்பெல்லாம் பிளவுகள் வெட்டிய வட்டத்தகட்டைக் கையால் சுழற்றி, அதன் வழியே பார்த்து, கோடுகள் நின்றுபோனது போலத் தோன்றும் வேகத்தைப் பிடிப்பார்கள். இப்போது கைப்பேசிக் கேமராவின் ஸ்லோமோஷன் போதும். வினாடிக்கு 120 படம் எடுக்கும் கேமராவில், பட்டை ஒருமுறை இறங்கி ஏற 12 படங்கள் ஆனால் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். அலைநீளம் 2.35 சென்டிமீட்டரை 10-ஆல் பெருக்க, வேகம் வினாடிக்கு 23.5 சென்டிமீட்டர்.

இங்கே கவனமுள்ள மாணவருக்கு ஒரு கேள்வி எழும். தொட்டியின் ஆழம் 8 மில்லிமீட்டர் என்றால் ஆழச் சூத்திரப்படி வேகம் 28 சென்டிமீட்டர் வர வேண்டுமே, ஏன் குறைகிறது? காரணம், இந்த அலையின் நீளம் ஆழத்தைப் போல மூன்று மடங்கே இருப்பதால் தரையின் பிடி முழுதாக இல்லை. கூடவே, இவ்வளவு சிறிய அலையை மட்டப்படுத்துவதில் ஈர்ப்போடு நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது. நீண்ட அலைக்கு ஈர்ப்பு, குட்டி அலைக்குப் பரப்பு இழுவிசை என்று வேலை பங்கிடப்பட்டிருக்கிறது. இரண்டும் சமமாகும் இடம் 1.7 சென்டிமீட்டர் அலைநீளம். ஆழமான நீரில் அந்த அலையின் வேகம் வினாடிக்கு 23 சென்டிமீட்டர். அதற்கும் மெதுவாக எந்த அலையும் அங்கே ஓடுவதில்லை. 1871-இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னவர், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன்.

தொட்டியில் ஒரு கண்ணாடித் தகட்டை மூழ்கவைத்தால் அதன்மேல் ஆழம் குறையும். அங்கே கோடுகள் நெருங்கி, சாய்வாகச் சென்றால் திசையும் திரும்பும். இது விலகல். இரண்டு தடுப்புகளுக்கு இடையே சிறு வாசல் விட்டால் அதைத் தாண்டிய அலை விசிறியாக விரியும். இரண்டு முனைகளால் நீரைத் தொட்டால் இரு அலைகளும் சில இடங்களில் கூடி வலுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். இதே நீர்த்தொட்டியைக் காட்டித்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் ஒளியும் அலையே என்று லண்டனில் வாதிட்டார்.

கரையிலிருந்து அளப்பது

மேசைப் பாடம் முடிந்த பிறகு கடல். கூனிமேட்டுக் கரையில் காலை நனைக்காமல், மணல்மேட்டில் நின்றே அலைவுகாலத்தை அளக்கலாம். அலைகள் உடையும் வரிசைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு படகையோ மிதவையையோ குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு முகட்டில் ஏறும் கணத்தில் “பூஜ்யம்” என்று எண்ணத் தொடங்கி, பத்தாவது முறை ஏறும்போது கடிகாரத்தை நிறுத்த வேண்டும். “ஒன்று” என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளிகளே கிடைக்கும்; பலரும் தவறுவது இங்கேதான். பத்து இடைவெளிக்கு 80 வினாடி என்றால் அலைவுகாலம் 8 வினாடி.

இந்த ஒரு எண் போதும். ஆழ்கடலில் அலையின் வேகத்தை அலைவுகாலமே முடிவு செய்கிறது: அலைவுகாலத்தை 1.56-ஆல் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் வரும். 8 வினாடி அலைக்கு வேகம் 12.5 மீட்டர், அலைநீளம் 100 மீட்டர். கரையை நெருங்கும்போது தரை தட்டுப்படத் தொடங்கும். 2 மீட்டர் ஆழத்தில் தட்டத்துச் சூத்திரம் வேலை செய்கிறது: வேகம் 4.4 மீட்டராகக் குறைகிறது. அலைவுகாலம் மாறாது; ஆகவே அலைநீளம் 35 மீட்டராகச் சுருங்குகிறது. நூறு மீட்டரில் பரவியிருந்த ஆற்றல் குறுகிய இடத்தில் நெருக்கப்படுவதால் அலை நிமிர்கிறது. அதன் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை எட்டும்போது நிலைகுலைந்து உடைகிறது. 1 மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே அலை உடையும் கோடு கடலடியின் ஆழத்தைக் கரையில் நிற்பவருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அலை எந்தத் திசையிலிருந்து புறப்பட்டாலும் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே வந்து விழுவதும் இதனால்தான். சாய்வாக வரும் அலையின் கரைப்பக்க முனை முதலில் ஆழம் குறைந்த நீருக்குள் வந்து வேகம் குறைகிறது; வெளிமுனை வேகமாக வந்து அதைப் பிடித்துவிடுகிறது. தொட்டியில் கண்ணாடித் தகட்டின்மேல் பார்த்த விலகலின் பெரிய வடிவம் இது.

அலைவுகாலம் அலையின் ஊரையும் சொல்லும். பக்கத்துக் காற்று எழுப்பிய அலை 4, 5 வினாடிக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல் வரும். 12 வினாடி இடைவெளியில் சீராக வரும் நெடிய அலை தொலைதூரக் கடலில் பிறந்தது. ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் ஆற்றல் தனி அலையின் வேகத்தில் பாதி வேகத்தில் நகரும். 12 வினாடி அலைக்கு அது மணிக்கு 34 கிலோமீட்டர் ஆகிறது. வங்கக்கடல் புயல் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. ஆகவே புயலுக்கு முன்பே அதன் அலை கரைக்கு வந்துவிடுகிறது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடலின் போக்கைப் பார்த்துப் படகை மேலே இழுத்து வைக்கும் மீனவரின் அறிவுக்குள் இந்தக் கணக்கு இருக்கிறது.

கடலில் மிதக்கும் மாணவர்

பள்ளி மாணவர் ஸ்கேலும் கடிகாரமும் கொண்டு செய்யும் வேலையை நடுக்கடலில் இரவு பகலாகச் செய்வது அலைமானி மிதவை. நங்கூரத்தில் கட்டப்பட்டு மிதக்கும் அந்தக் கோளத்துக்குள் முடுக்கமானி இருக்கிறது. அலையோடு ஏறி இறங்கும்போது ஏற்படும் முடுக்கத்தைப் பதிந்து, அதிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து உயரத்தையும் அது கணக்கிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய மிதவைகளின் தரவைக் கொண்டு மீனவர்களுக்கு அலை முன்னறிவிப்பு வழங்குகிறது. புதுச்சேரிக்கு அப்பால் கடலில் இருந்த மிதவை, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலின் அலைகளைப் பதிவு செய்தது; அந்தப் பதிவை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

அறிவிப்பில் வரும் “அலை உயரம் 2 மீட்டர்” என்பது எல்லா அலைகளின் சராசரி அன்று. அளந்த அலைகளை உயர வரிசையில் அடுக்கி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். ஆகவே 2 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட நாளில் 3 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் இடையில் வரும். கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

நான்கு சென்டிமீட்டரும் நான்கு கிலோமீட்டரும்

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணியளவில் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய 9 மணிக்கு ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொட்டது. இடையில் இருந்தது சுமார் இரண்டரை மணி நேரம். இவ்வளவு பெரிய கடலை அலை எப்படி அதற்குள் கடந்தது என்பதற்கு விடை தட்டத்துக்குள் இருக்கிறது.

ஆழிப்பேரலையின் அலைவுகாலம் அரை மணி நேர அளவில் இருக்கும். அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு முன்னால் 3 கிலோமீட்டர் ஆழமுள்ள வங்கக்கடலும் ஆழமில்லாத தட்டம்தான். ஆகவே அதே சூத்திரம் பொருந்துகிறது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் வேகம் வினாடிக்கு 171 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 4 கிலோமீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 198 மீட்டர். தட்டத்தில் இருந்த 4 சென்டிமீட்டரைப் போல இது ஒரு லட்சம் மடங்கு ஆழம். ஒரு லட்சத்தின் வர்க்கமூலம் 316. தட்டத்தில் அளந்த வேகத்தை 316-ஆல் பெருக்கினால் ஆழிப்பேரலையின் வேகம் வந்துவிடுகிறது.

அன்று நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கடலுக்கு மேலே பறந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது, நடுக்கடலில் அலையின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான் இருந்தது. ஆழ்கடலில் இருந்த படகுகள் அதை உணராமல் போனதற்கு இதுவே காரணம். கரையை நெருங்கி வேகம் குறைந்தபோது பின்னால் வந்த நீர் முன்னதன்மேல் ஏறியது. அலை பல மடங்கு உயர்ந்தது. அந்த நாளுக்குப் பிறகுதான் இந்தியாவுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் அமைக்கப்பட்டு, 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கம் எங்கே என்று தெரிந்த சில நிமிடங்களில், எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று அந்த மையம் சொல்ல முடிவதற்கு அடிப்படை, கடலின் ஆழ வரைபடமும் இந்தச் சூத்திரமுமே.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைகளுக்குத் தனிப் பாடம் இருக்கிறது. செய்முறைத் தேர்வில் ஒத்ததிர்வுக் குழாயும் சுரமானியும் இருக்கின்றன. நீரலையை அளக்கும் சோதனைக்குத் தனி இடம் இல்லை. மதிப்பெண் கிடைக்காது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு தட்டமும் ஒரு வகுப்பு நேரமும் போதும். கடலோரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கும் முன்பு, இந்தச் சோதனையை மாணவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். 4 சென்டிமீட்டர் நீரில் அலையின் வேகத்தைத் தன் கையால் அளந்த பிள்ளை, எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும்போது அதன் பின்னால் இருக்கும் கணக்கை அறிந்திருக்கும். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காது. மேட்டை நோக்கி ஓடும், பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு ஓடும்.